மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? வகுப்பறையில் விமர்சனச் சிந்தனையும் ஆசிரியரின் மீள்சிந்தனையும்

பி.எட். இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சியில் இருக்கும் அறிவியல் பிரிவு மாணவ ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது: மாணவர்களிடம் விமர்சனச் சிந்தனையை வளர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் எழுதச் சொல்கிறார்கள், பாடம் முடிந்ததும் நடத்தியதைத் திரும்பிப் பார்த்து மீள்சிந்தனைக் குறிப்பு ஒன்றும் எழுதச் சொல்கிறார்கள், நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடித்தாக வேண்டிய பாடப்பகுதி ஆகியவற்றுக்கு நடுவே இவை உண்மையில் செய்யக்கூடியவையா, அல்லது ரெக்கார்டு நோட்டை நிரப்புவதற்கானவை மட்டும்தானா?

இப்போது பெரும்பாலான இடங்களில் நடக்கும் முறையில் இவை ரெக்கார்டு வேலையாகவே இருக்கின்றன என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். அப்படி ஆனதற்கு நேரமின்மையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மாணவருக்குரியது விமர்சனச் சிந்தனை, ஆசிரியருக்குரியது மீள்சிந்தனை என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துவிட்டோம். உண்மையில் இரண்டும் ஒரே செயல். ஒரு கூற்றை நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்பது. அந்த ஆதாரம் வகுப்பறையில் கிடைக்கும் இடமும் ஒன்றுதான்: பிள்ளைகள் சொன்ன விடையும், குறிப்பாக அவர்கள் தவறாகச் சொன்ன விடையும்.

1910-இல் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி மீள்சிந்தனையை விளக்கியபோது, ஒரு நம்பிக்கையை அதைத் தாங்கி நிற்கும் ஆதாரங்களையும் அது இட்டுச்செல்லும் முடிவுகளையும் கொண்டு விடாப்பிடியாகவும் கவனமாகவும் ஆராய்வதுதான் அது என்றார். இது ஆசிரியருக்கென்று தனியாகச் சொல்லப்பட்ட விளக்கம் அன்று. சிந்திக்கும் எவருக்கும் பொருந்துவது. எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1990-இல், விமர்சனச் சிந்தனை என்றால் என்ன என்று வரையறுக்க 46 அறிஞர்களின் கருத்தைப் பல சுற்றுகளாகத் திரட்டிப் பீட்டர் ஃபசியோன் வெளியிட்ட அறிக்கை ஆறு திறன்களைக் குறிப்பிட்டது. பொருள்கொள்ளல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உய்த்துணர்தல், விளக்கல் ஆகிய ஐந்தைத் தொடர்ந்து ஆறாவதாக அது வைத்தது, தன் சிந்தனையைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்ளும் திறனை. பாடம் முடிந்த பின் ஆசிரியர் செய்ய வேண்டியதும் இந்த ஆறாவது வேலைதான். ‘இன்று நான் நடத்திய பாடம் பிள்ளைகளுக்குப் புரிந்தது’ என்பது ஒரு கூற்று. அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கத் தொடங்கும்போது ஆசிரியர் விமர்சனச் சிந்தனையில் இறங்கிவிடுகிறார்.

ஆனால் ரெக்கார்டு நோட்டுகளில் நாம் காண்பது என்ன? ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். கற்பித்தல் துணைக்கருவி நன்கு பயன்பட்டது. நேர மேலாண்மையில் இன்னும் கவனம் செலுத்த வேண்டும்.’ இந்த மூன்று வாக்கியங்களையும் எந்தப் பாடத்துக்கும், எந்த வகுப்புக்கும், எந்த நாளுக்கும் எழுதிவிடலாம். அதுவே இவற்றில் சிந்தனை இல்லை என்பதற்குப் போதிய சான்று. 1995-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹாட்டன், ஸ்மித் என்னும் இரு ஆய்வாளர்கள் பயிற்சி ஆசிரியர்களின் எழுத்துகளை ஆராய்ந்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: நடந்ததை வெறுமனே விவரிப்பது, விவரித்துவிட்டு ஒரு காரணமும் சொல்வது, வேறு காரணங்களும் இருக்கலாமே என்று தனக்குள் வாதிட்டுப் பார்ப்பது, அந்த நிகழ்வைச் சமூக, வரலாற்றுச் சூழலில் வைத்துப் பார்ப்பது. முதல் வகையை மீள்சிந்தனையின் கணக்கிலேயே அவர்கள் சேர்க்கவில்லை. நம் நோட்டுகளில் பெரும்பகுதி அந்த முதல் வகையைக்கூட எட்டுவதில்லை என்று நான் சொன்னால் அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் விவரிப்பதற்கும் ஒருவர் வகுப்பில் எதையாவது உற்றுப் பார்த்திருக்க வேண்டுமல்லவா?

உற்றுப் பார்ப்பதைத் தடுக்கும் பழக்கம் ஒன்று நம் வகுப்பறைகளில் ஊறிப்போயிருக்கிறது. ஒரு கருத்தை விளக்கி முடித்ததும் ‘புரிஞ்சுதா?’ என்கிறோம், ‘புரிஞ்சுது சார்’, ‘புரிஞ்சுது மிஸ்’ என்று வகுப்பே ஒரே குரலில் இழுத்துச் சொல்கிறது, நாம் அடுத்த பத்திக்குப் போகிறோம். ஆசிரியரின் வேகத்துக்கும் மாணவரின் பயத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை அது. புரிதலைப் பற்றிய எந்தத் தகவலும் அதில் இல்லை. வாக்கியத்தின் பாதியை ஆசிரியர் சொல்ல, மீதியை வகுப்பு நிரப்பும் முறையும் இதே வகைதான். ‘தாவரங்கள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே…’ என்று நிறுத்தினால் ‘தயாரிக்கின்றன’ என்று கூரை அதிரும். அந்த ஒலியை ஆதாரமாகக் கொண்டு மீள்சிந்தனைக் குறிப்பு எழுதினால், ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத முடியாது.

அந்த ஒளிச்சேர்க்கைப் பாடத்தையே எடுத்துக்கொண்டு, ஒரே பாடவேளைக்குள் இரண்டு சிந்தனைகளும் எப்படிப் பிணைந்து நடக்கலாம் என்று பார்ப்போம். பாடத்தை நடத்தி, சமன்பாட்டையும் எழுதிப்போட்டு, புத்தக வினாக்களுக்கு விடையும் எழுதவைத்த பிறகு, இந்த ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: ‘ஒரு வேப்பங்கொட்டை முளைத்து, பெரிய மரமாகிப் பல நூறு கிலோ எடைக்கு வந்துவிட்டது. அந்த எடை எங்கிருந்து வந்தது?’ யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தம் விடையையும், ஏன் அப்படி நினைக்கிறார் என்பதையும் இரண்டு வரியில் நோட்டில் எழுத வேண்டும். ‘மண்ணிலிருந்து’, ‘உரத்திலிருந்து’, ‘தண்ணீரிலிருந்து’, ‘சூரிய ஒளியிலிருந்து’ என்ற விடைகளே பெரும்பாலும் வரும். கார்பன் டை ஆக்சைடு என்று சமன்பாட்டில் பிழையின்றி எழுதிய பிள்ளைகளும் ‘காற்றிலிருந்து’ என்று எழுதத் தயங்குவார்கள். இது நம் பிள்ளைகளின் குறை என்று எண்ணிவிட வேண்டாம். 1990-களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கல்வி ஆவணப்படம் ஒன்றில், பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்று வெளியே வந்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, அவர்களும் மண்ணையும் நீரையும்தான் சொன்னார்கள். காற்றுக்கு எடை இருப்பதாக நம் அன்றாட அனுபவம் எதுவும் நமக்குச் சொல்வதில்லை. உரம் போட்டால் செடி தழைப்பதையோ கண்ணாலேயே பார்க்கிறோம். ஆகவே ‘மண்ணிலிருந்து’ என்பது ஆதாரம் உள்ள தவறான விடை. அதனாலேயே அது மதிப்பு மிக்கது.

இப்போது விடையைச் சொல்லிவிடாமல் ஒரு பழைய சோதனையை அவர்கள் முன் வைக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த மருத்துவரும் வேதியியலாளருமான வான் ஹெல்மாண்ட், உலர்த்திய 200 ராத்தல் மண்ணை, அதாவது ஏறத்தாழ 90 கிலோவை, ஒரு தொட்டியில் நிரப்பி அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். தூசி விழாமல் தொட்டியைத் துளையிட்ட தகட்டால் மூடி, மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ மட்டும் ஊற்றிவந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து மரத்தை நிறுத்தபோது, உதிர்ந்த இலைகளைச் சேர்க்காமலே, 169 ராத்தலுக்குச் சற்று மேல் இருந்தது. மண்ணை மறுபடியும் உலர்த்தி நிறுத்தால் குறைந்திருந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு. அவர் இறந்த பின் 1648-இல் இது நூலில் வெளியானது. இந்த எண்களை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, ‘மண்ணிலிருந்து என்று எழுதியவர்கள் இப்போது என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால் போதும். வகுப்பு தானாகவே நகரத் தொடங்கும். மண்ணைக் கைவிட்டு எல்லாரும் தண்ணீருக்குத் தாவுவார்கள். வான் ஹெல்மாண்டும் அப்படித்தான் தாவினார். மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவானது என்று முடிவு கட்டினார்.

இந்தப் பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவருடைய அளவீடு நேர்த்தியானது, முடிவு தவறானது. மண் இல்லை என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. நீர் மட்டும்தான் என்பதற்கு இல்லை. ‘இவர் எதை அளந்தார், எதை அளக்கவே இல்லை?’ என்ற வினாவை வகுப்பின் முன் வைத்தால், யாராவது ஒரு பிள்ளை காற்றைச் சொல்லும். சொல்லாவிட்டால் அடுப்புச் சாம்பலை நினைவூட்டலாம்: ஒரு கட்டு விறகு எரிந்து முடிந்தால் மிஞ்சுவது ஒரு கைப்பிடிச் சாம்பல், மீதி எங்கே போனது? வேடிக்கை என்னவென்றால், வான் ஹெல்மாண்டே 62 ராத்தல் கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் வாயுவாகப் போகிறது என்று எழுதியவர். ‘கேஸ்’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவரும் அவரே. எரியும்போது வாயுவாகப் போவது, வளரும்போது வாயுவிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. அதை உறுதிப்படுத்த 1779-இல் இஞ்சன்ஹவுஸ், 1782-இல் செனபியே, 1804-இல் த சோஸ்யூர் என்று இன்னும் பலர் தேவைப்பட்டார்கள். உலர்ந்த தாவரப் பொருளின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் என்பதும், அந்தக் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது என்பதும் இந்தப் பின்னணியோடு வந்தால்தான் பிள்ளைகளுக்கு அதிர்ச்சியாக இருக்கும். சமன்பாடாக மட்டும் வந்தால் அது இன்னொரு ஒரு மதிப்பெண் வினா.

எதிர்ப்பும் வரும், வரட்டும். ‘அப்படியென்றால் உரம் எதற்கு?’ என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று கேட்கும். ‘எங்கள் வீட்டில் மணிபிளாண்ட் பாட்டில் தண்ணீரிலேயே வளர்கிறது’ என்று இன்னொன்று சொல்லும். முதல் கேள்வி அந்த 60 கிராமை நோக்கி நம்மைத் திருப்புகிறது: அளவில் மிகச் சிறியது, ஆனால் அது இல்லாமல் செடி வாடும். எடையாக அமைவது வேறு, வளர்ச்சிக்கு இன்றியமையாதது வேறு என்ற பாகுபாடு இங்கே பிறக்கிறது. எதிர்ப்பின் இந்தப் பயனை நம் பழைய உரையாசிரியர்கள் நன்றாக அறிந்தவர்கள். ஒரு பொருளைச் சொன்னதும் அதற்கு எழக்கூடிய தடையைத் தாமே எழுப்பி, விடையும் சொல்லித்தான் மேலே செல்வார்கள். அந்தத் தடையை எழுப்பும் வேலையை மாணவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதுதான் நான் இங்கே சேர்க்க விரும்புவது.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு சிறிது நேரம் நிற்கப் பழக வேண்டும். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவரைக் கேட்கிறார்கள், அல்லது தாமே விடை சொல்லிவிடுகிறார்கள். அந்த இடைவெளியை மூன்று விநாடியாவது நீட்டியபோது விடைகள் பன்மடங்கு நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, காரணத்தோடு பேசுவது கூடியது, ஆசிரியர் எதிர்பாராத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மாணவர் விடை சொல்லி முடித்த பின்னும் அதே அளவு காத்திருப்பது இன்னும் பயனுள்ளது என்பதும் அவர் கண்டது. அந்த மௌனத்தில்தான் பிள்ளை ‘ஏன்னா…’ என்று தொடர்கிறது. நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் கருதும் பிள்ளைகளுக்கு அதிக நேரமும், பின்தங்கியவர் என்று கருதும் பிள்ளைகளுக்குக் குறைந்த நேரமும் கிடைக்கின்றன என்ற கண்டுபிடிப்பு, எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவருக்கே நேரம் மறுக்கப்படுகிறது.

‘பாடப்பகுதியை முடிக்க வேண்டுமே, விமர்சனச் சிந்தனையைத் தனியாக எப்போது கற்பிப்பது?’ என்ற கவலைக்கு ஒரு பதில் உண்டு: தனியாகக் கற்பிக்க முடியாது, கற்பிக்கவும் வேண்டாம். உளவியல் அறிஞர் டேனியல் வில்லிங்ஹாம் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வாதிட்டதுபோல, விமர்சனச் சிந்தனை எந்தப் பாடப்பொருளுக்கும் பொருத்திவிடக்கூடிய கருவி அன்று. அது அந்தந்தப் பொருளைப் பற்றிய அறிவோடு ஒட்டியே வளர்வது. வாயுவுக்கு எடை உண்டு என்று தெரியாத பிள்ளையால் வான் ஹெல்மாண்டின் முடிவில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பாடப்பகுதியும் சிந்தனையும் நேரத்துக்காக ஒன்றோடொன்று போட்டியிடுவதாக நினைப்பதே சரியில்லை. 2018 முதல் வெளிவந்த நம் புதிய பாடநூல்களின் பயிற்சிப் பகுதியில் உயர் சிந்தனை வினாக்கள் என்றே தனித் தலைப்பு உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் கைடு வெளிவந்த அன்றே அவற்றுக்கும் விடை அச்சாகிவிடுகிறது; பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்கிறார்கள்; அதன்பின் அது உயரமும் இல்லை, சிந்தனையும் இல்லை. ஒரு வினா சிந்தனை வினாவா என்பதை அதன் சொற்கள் தீர்மானிப்பதில்லை. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையிடம் தயார் விடை இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. அதனால்தான் வேப்பங்கொட்டைக் கேள்வியைப் பாடக்குறிப்பில் எழுதிவைப்பதைவிட, அதற்கு வந்த விடைகளைத் தொடர்ந்து அடுத்து எதைக் கேட்கிறீர்கள் என்பது முக்கியமாகிறது.

இனி உங்கள் நோட்டுக்கு வருவோம். மேலே சொன்ன பாடத்தை நடத்தப்போகிறவர், வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்: ‘நாற்பது பேரில் இத்தனை பேர் மண் என்பார்கள், இத்தனை பேர் நீர் என்பார்கள், இத்தனை பேர் காற்று என்பார்கள் என எதிர்பார்க்கிறேன்.’ முன்கூட்டியே எழுதப்படாத எதிர்பார்ப்பு, பாடம் முடிந்ததும் நடந்ததற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டுவிடும். ‘நான் நினைத்ததுதான்’ என்று நம்மால் எளிதாகச் சொல்லிக்கொள்ள முடியும். எழுதிவைத்துவிட்டால் அந்தத் தப்பிப்பு இல்லை. வகுப்பு முடிந்ததும் நோட்டுகளை வாங்கி, விடை வாரியாக அடுக்கி எண்ணுங்கள். எதிர்பார்த்ததும் வந்ததும் எங்கே விலகுகின்றனவோ அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். எல்லாச் சிந்தனையும் உணரப்பட்ட ஓர் இடர்பாட்டிலிருந்து தொடங்குகிறது என்று டூயி சொன்னதும், தொழிலில் தேர்ந்தவரைச் சிந்திக்கவைப்பது அவர் எதிர்பாராத நிகழ்வே என்று அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதியதும் இதைத்தான். ஷோன் இரண்டு வேளைகளைப் பிரித்தார்: செயலின் நடுவிலேயே சிந்தித்துத் திசை மாற்றுவது ஒன்று, செயல் முடிந்த பின் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. ‘உரம் எதற்கு?’ என்ற கேள்வி வந்தபோது பாடக்குறிப்பை விட்டு விலகி அதன்பின் சென்றீர்களா, ‘அது அடுத்த பாடத்தில் வரும்’ என்று அமர்த்தினீர்களா, ஏன்? பயிற்சிக் காலத்தில் முதலாவது வகை கைகூடாது என்று வருந்த வேண்டாம். இரண்டாவதை ஒழுங்காகச் செய்துவந்தால் முதலாவது காலப்போக்கில் வரும்.

குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி: ‘சமன்பாட்டைச் சரியாக எழுதியவர்களில் பலர் மண் என்று விடையளித்தார்கள். அவர்களுக்குச் சமன்பாடு ஒரு சொல்வரிசையாக மட்டும் இருந்திருக்கலாம். வேறொரு காரணமும் இருக்கலாம்: எடை என்ற சொல்லை நான் பாடம் முழுவதும் பயன்படுத்தவே இல்லை, உணவு என்றே சொல்லிவந்தேன், உணவு உடலாக மாறுகிறது என்பதை நான் எங்கும் சொல்லவில்லை. இவற்றில் எது சரி என்று அறிய, நாளை ஐந்து பேரிடம், தயாரித்த உணவைச் செடி என்ன செய்கிறது என்று கேட்கப்போகிறேன்.’ இந்தக் குறிப்பில் ஆசிரியர் தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை, மெச்சிக்கொள்ளவும் இல்லை. இரண்டு விளக்கங்களை எதிரெதிரே நிறுத்தி, அவற்றுக்கிடையே தீர்ப்பளிக்க ஒரு சிறு சோதனையை வகுத்திருக்கிறார். ஹாட்டனும் ஸ்மித்தும் சொன்ன மூன்றாவது வகை இதுவே.

நான்காவது வகை, அதாவது நடந்ததைச் சமூகச் சூழலில் வைத்துப் பார்ப்பது, இதைவிட அசௌகரியமானது. ஒரு வாரம், ஒரு தாளில் வகுப்பின் இருக்கை வரைபடத்தை வரைந்து, நீங்கள் பெயர் சொல்லி விடை கேட்ட ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள், அல்லது உடன் பயிலும் மாணவ ஆசிரியர் ஒருவரைப் பின் வரிசையில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். முதல் பெஞ்சில் எத்தனை, கடைசியில் எத்தனை, மாணவிகள் பக்கம் எத்தனை, ‘ஏன்’ என்ற வினா யாருக்குச் சென்றது, ‘என்ன’ என்ற வினா யாருக்குச் சென்றது? சாக்பீஸ் எடுத்துவர, பலகையைத் துடைக்க, அறையைப் பெருக்க யார் பெயர் வாயில் வருகிறது? இவற்றுக்குப் பின்னால் சாதியும் பாலினமும், தாய்தகப்பன் படித்தவரா இல்லையா என்ற நம் ஊகமும் நிற்கின்றன. நல்லெண்ணம் உள்ள ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். கல்வியாளர் ஸ்டீபன் புரூக்ஃபீல்டு 1995-இல் எழுதியபடி, நம் முன்முடிவுகளை நாமே தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதனால் சொந்த அனுபவம், மாணவரின் பார்வை, சக ஆசிரியரின் பார்வை, ஆய்வு நூல்கள் என்ற நான்கு வழியாகவும் பார்க்க வேண்டும். கேள்வி கேட்கப்படாத பிள்ளையிடம் விமர்சனச் சிந்தனை இல்லை என்று எழுதும் உரிமை யாருக்கும் இல்லை.

சக ஆசிரியரின் பார்வை என்றதும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பின் பின்புறம் யாராவது வந்து உட்கார்ந்தால் அது மேற்பார்வை ஆய்வு. ஆய்வு என்றால் குறை காண்பது. ஜப்பானில் நீண்ட காலமாக வழங்கிவரும் பாட ஆய்வு (lesson study) முறை இந்தச் சிக்கலை ஓர் எளிய மாற்றத்தால் கடக்கிறது. 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்களின் நூல் வழியாக அது பிற நாடுகளுக்குப் பரவலாகத் தெரியவந்தது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுகிறார்கள், பிள்ளைகள் என்னென்ன விடை சொல்லக்கூடும், எந்தத் தவறான விடைக்கு அடுத்து என்ன செய்வது என்பது அந்தத் திட்டத்திலேயே எழுதப்படுகிறது, ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் ஆசிரியரைக் கவனிப்பதைவிடப் பிள்ளைகளை, அவர்கள் நோட்டில் எழுதுவதையும் அழிப்பதையும், கூர்ந்து பார்க்கிறார்கள், பின்னர் கூடிப் பேசுகிறார்கள். பாடம் எல்லாருடையது என்பதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. பாடம் முழுவதும் பலகையில் எழுதியதை அழிக்காமல் விட்டுவைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. தொடக்கத்தில் சொன்ன தவறான விடை கடைசி நிமிடத்திலும் கண்முன் இருக்கும், எங்கிருந்து எங்கே வந்தோம் என்று வகுப்பே பார்க்கலாம். அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் நம் குறுவள மையக் கூட்டங்களில் சுற்றறிக்கைகளும் பதிவேடுகளும் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதுமென்பது என் நெடுநாள் ஆசை. உங்கள் நிலையில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதே பள்ளியில் பயிற்சியில் இருக்கும் இருவர் மூவர் சேர்ந்தாலே நடத்திவிடலாம்.

எல்லாப் பாடவேளைக்கும் இப்படி எழுத முடியாது, முயலவும் வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (NCTE) 2014 நெறிமுறைகளின்படி இரண்டாண்டுப் பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரங்கள் உள்ளன; அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. நாள்தோறும் எழுதக் கேட்டால் நாள்தோறும் மூன்று வாக்கியங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள், கல்லூரி கேட்பதைக் கொடுப்பதில் தவறில்லை. வாரத்துக்கு ஒரு பாடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, எதிர்பார்ப்பு, வந்த விடைகளின் எண்ணிக்கை, இரண்டு போட்டி விளக்கங்கள், அடுத்த சோதனை என்று முழுமையாக எழுதுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் உங்களுக்கு ஒரே வகுப்பின் இரண்டு பிரிவுகள் தரப்பட்டிருக்கும். அது ஒரு பெரிய வாய்ப்பு. ‘அ’ பிரிவில் திங்களன்று நடத்திய பாடத்தை நோட்டுகளைப் பார்த்தபின் ஒரே ஒரு இடத்தில் மாற்றி, ‘ஆ’ பிரிவில் புதனன்று நடத்துங்கள். மற்றவை எல்லாம் முன்போலவே இருக்கட்டும். இரண்டு பிரிவிலும் வேப்பங்கொட்டைக் கேள்விக்கு வந்த விடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லையே, வேறுபாடு அதனால் வந்திருக்காதா என்று உங்கள் வழிகாட்டி ஆசிரியர் கேட்பார். கேட்டால் மகிழுங்கள், அது வான் ஹெல்மாண்டிடம் கேட்க வேண்டிய அதே கேள்வி, அதையும் குறிப்பில் சேர்த்து, அடுத்த பாடத்தை முதலில் ‘ஆ’ பிரிவில் நடத்திப் பாருங்கள்.